பூங்காவனத்துக்கு வைக்காத தண்ணீர்

என் அன்புப் பூங்காவனத்துக்கு,

உயிரோடு இருந்தபோது உன்னை ஒரு நாளாவது அன்பாகக் கூப்பிட்டிருக்கிறேனா? "இந்தா பொண்ணே", "ஏ, உன்னத்தான்" என்று அதட்டித்தான் பழக்கம். பதினெட்டு வருஷம் கழித்து இப்போது அந்த வார்த்தை தானாக வந்து விழுகிறது. உனக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

முதலில் நல்ல சேதி. உன் மகள் கங்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இன்றோடு பதின்மூன்று நாள் ஆகிறது. நீ படுத்திருந்த அதே பின்கட்டு அறையில்தான் அவளும் பிள்ளையோடு படுத்திருக்கிறாள். குழந்தைக்கு உன் மூக்கு. அந்தச் சப்பை மூக்கு நம்ம குடும்பத்துக்கு வேண்டாம் என்று உன்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் சொன்னது உனக்குத் தெரியுமோ என்னவோ, அதற்கும் சேர்த்து இப்போது மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பாகூரில் உன் புருஷனுக்கு மூத்தவளாகப் பிறந்தவள். என் வீட்டுக்காரர் கப்பலேறி சைகோனுக்குப் போனார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், போவார். எனக்குப் பிள்ளை இல்லை. தாய் வீட்டிலேயே தங்கிவிட்டேன். அவருக்குக் கடிதம் போடுவதற்காகத்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். சைகோன் பக்கம் யுத்தம் மூண்ட பிறகு அங்கிருந்து பதிலே இல்லை. அவருக்கென்று வாங்கி வைத்த காகிதத்தில்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ தாயில்லாப் பெண். பிரசவத்துக்குக் கரையாம்புத்தூருக்குப் போனால் அங்கே பார்க்க ஆளில்லை. "நம்ம வூட்லயே வெச்சி பாத்துக்கலாம். கன்னியம்மா சும்மாதானே கீறா" என்று அம்மா சொன்னாள். அப்படித்தான் உன் பத்தியம் என் கைக்கு வந்தது.

சாப்பாட்டில் உனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிப் போட்டேன். மிளகுக் குழம்பு வைத்தேன். சுக்கும் திப்பிலியும் பனைவெல்லமும் இடித்து மருந்து உருண்டை பிடித்தேன். பால் சுரக்கட்டும் என்று நல்லவாட்டு மீன் கூடைக்காரியிடம் சொல்லி வைத்துப் பால்சுறா வாங்கிப் புட்டு செய்தேன். தண்ணீர் ஒன்றுதான் தரவில்லை.

பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு தள்ளிப்போகும், ஜன்னி காணும் என்பது ஊரில் எல்லோரும் நம்பியது. தாகம் எடுத்தால் வெற்றிலை மெல்ல வேண்டும். சாப்பிட்ட பிறகு ஒரே ஒரு பாலாடை வெந்நீர். பிள்ளைக்குப் பால் புகட்டுகிற அந்தப் பாலாடையாலேயே உனக்கும் அளந்து ஊற்றினேன். நீ அதைக் கவிழ்த்துப் பிடித்துக் கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருப்பாய்.

அது ஐப்பசி அடைமழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து, வாய்க்காலெல்லாம் உடைத்துக்கொண்டு ஓடியது. வீட்டைச் சுற்றி எங்கே காலை வைத்தாலும் தண்ணீர்.

"அண்ணி, ஒரு வாய் தண்ணி குடு அண்ணி. யாராண்டயும் சொல்லமாட்டேன்."

"வாய மூடிக்கினு படு. உன் நல்லதுக்குத்தானே சொல்றோம்?"

சொல்லிவிட்டு நேரே அடுப்பங்கரைக்குப் போய்ப் பானையில் சொம்பை முக்கி நான் குடித்தேன். நடுவில் ஒரு மண்சுவர்தான். அந்தச் சத்தம் உனக்குக் கேட்டிருக்கும் இல்லையா?

எல்லாவற்றையும் வழக்கத்தின் தலையில் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. உன் மடியில் பிள்ளை கிடந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. பத்தியம் என்ற பேரில் உன்னை அதட்டும்போது உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்தாம் நாள் உச்சிப்பொழுது. நான் உள்ளே வந்தபோது நீ எழுந்து சன்னலருகே நின்றிருந்தாய். கம்பிக்கு வெளியே கையை நீட்டி, தாவாரத்திலிருந்து ஒழுகிய மழைத்தண்ணீரைக் கொட்டாங்குச்சியில் பிடித்துக்கொண்டிருந்தாய். நிறைந்ததும் உள்ளே இழுத்தாய். உதட்டுக்குக் கொண்டுபோவதற்குள் நான் தட்டிவிட்டேன். எல்லாம் தரையில் கொட்டியது. ஒரு சொட்டுகூட உன் வாயில் படவில்லை. இதை என் கண்ணால் பார்த்தேன்.

அதோடு விட்டேனா? நனைந்த கையை நக்கிவிடுவாயோ என்று, உன் கையைப் பிடித்து விரல் விரலாக என் முந்தானையால் துடைத்தேன். நீ கையை இழுத்துக்கொள்ளவில்லை. துடைத்து முடிக்கும்வரை கொடுத்துக்கொண்டு நின்றாய்.

மறுநாள் காலை உனக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு கொதித்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து கூடிவிட்டார்கள். அம்மா எல்லோர் எதிரிலும் என்னைக் கேட்டாள்.

"இன்னாடி பண்ணே அவள? நீதானே கூட இருந்தே?"

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "புள்ள இல்லாத கண்ணு, சும்மாவா" என்று பாதியில் நிறுத்தினாள். பழி என் மேல் விழப்போகிறது என்று தெரிந்ததும் வாய் முந்திக்கொண்டது.

"தண்ணி குடிச்சா. மழத்தண்ணிய புடிச்சிக் குடிச்சா. நான் பாத்தேன்."

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "இல்ல அண்ணி" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். ஆனால் அந்த அறையில் உன்னை நம்ப யார் இருந்தார்கள்? அன்றைக்கே அந்த ஒரு பாலாடை வெந்நீரையும் நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

தண்ணீர் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாயா? கங்காவைப் பார்க்க வருகிற சர்க்கார் மருத்துவச்சியிடம், வேறு யாருக்கோ நடந்ததுபோலக் கேட்டுப் பார்த்தேன். "காய்ச்சல் எதனால வந்துதுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஆனா காய்ச்சல்காரிக்குத் தண்ணி குடுக்காம இருப்பாங்களா?" என்றாள். முதலில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகலாம் என்று பார்த்தேன், அடுத்துச் சொன்னது விடவில்லை.

நான் சொன்ன பொய் உன்னோடு போகவில்லை. தண்ணி குடித்துச் செத்தவள் என்று ஊரில் உனக்குப் பேராகிவிட்டது. பிள்ளை உண்டான பெண்களுக்கெல்லாம் உன் கதையைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். சுமங்கலியாகப் போனவள் என்று வருஷா வருஷம் புடவை, பூ, பணியாரம் எல்லாம் வைத்து உனக்குப் படைக்கிறோம். ஆனால் இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் மட்டும் கிடையாது. "தண்ணியால போனவளுக்கு எதுக்குத் தண்ணி?" என்று அம்மா முதல் வருஷம் சொன்னாள். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் சொன்னதை நாங்கள் இன்னும் மாற்றவில்லை.

பிள்ளை பேரைப் பதியத் தம்பி பிரெஞ்சு சர்க்காரின் மேரி ஆபீசுக்குக் கிளம்பியபோது, "கங்கான்னு எழுதச் சொல்லு" என்றேன். ஏன் அந்தப் பேர் என்று யாரும் கேட்கவில்லை. நான்தான் அவளை வளர்த்தேன். கழுதைப் பாலும் ஆட்டுப் பாலும் தேடி அலைந்து புகட்டினேன். நல்லவள், அத்தையாக இருந்தும் தாயாக வளர்த்தாள் என்று ஊர் என்னை மெச்சியது. நானும் பேசாமல் கேட்டுக்கொண்டேன்.

இப்போது நடந்ததைக் கேள். கங்காவுக்குப் பிள்ளை பிறந்து ஒரு வாரம் ஆகியும் பால் சரியாக வரவில்லை. குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழும். மருத்துவச்சி வந்து கங்காவின் உதட்டைப் பார்த்தாள். வெடித்துப் போயிருந்தது.

"தண்ணியே குடிக்காம கெடந்தா உடம்பு இன்னாத்துக்கு ஆவும்? தாகம் எடுக்கறப்பல்லாம் குடிம்மா. கஞ்சி குடி, முருங்கக்கீர தின்னு, மீன் தின்னு. எழுந்து நாலு அடி நட. பாலு தானா வரும்."

அவள் போனதும் நான் சொம்பை நீட்டினேன். கங்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம் அத்த. எங்கம்மா தண்ணி குடிச்சித்தான் செத்தாங்க. நானும் போய்ட்டா எம் பொண்ண யாரு பாப்பாங்க?"

நான் யாரை ஏமாற்றச் சொன்ன பொய், யார் வயிற்றில் வந்து விழுந்திருக்கிறது பார்! உன் பேத்தி பாலில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். இதற்கு மேலும் வாயைத் திறக்காவிட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"கங்கா, உங்கம்மா தண்ணி குடிக்கல."

"இன்னா சொல்ற நீ?"

"ஒரு சொட்டுகூட குடிக்கல. குடிக்கப் போனத நான் தட்டிவுட்டேன். குடிச்சான்னு பொய் சொன்னதும் நான்தான்."

அழுத பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா உன்னாண்ட தண்ணி கேட்டாங்களா?"

"கேட்டா."

"எத்தினி வாட்டி?"

பூங்காவனம், எத்தனை தடவை கேட்டாய் நீ?

"சொம்பக் குடு" என்றாள். ஒரே மூச்சில் குடித்தாள். "இன்னொண்ணு" என்றாள். கொண்டுவந்தேன். அதையும் குடித்துவிட்டு, "வெளிய போ அத்த" என்றாள். போனேன். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிரசவ வலியில் உன் அம்மாவை நினைத்து நீ அழுததுபோல அவளும் உனக்காக அழுதாள்.

இரண்டு நாள் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் காலை உள்ளேயிருந்து குரல் வந்தது. "அத்த, தண்ணி." கூஜாவை அவள் கைக்கெட்டும் இடத்தில்தான் வைத்திருந்தேன். அதைத் தொடாமல் என்னைத்தான் கூப்பிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். மன்னித்துவிட்டாளா, தண்டனை கொடுக்கிறாளா, எனக்குத் தெரியவில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறேன். இப்போது பால் வருகிறது. கேழ்வரகுக் கூழ், கீரை, மீன் குழம்பு என்று நன்றாகச் சாப்பிடுகிறாள். குழந்தை குடித்துவிட்டு வாயோரம் பால் வழியத் தூங்குகிறது.

தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காமல் பெண்டாட்டி செத்தாள் என்று பதினெட்டு வருஷமாக உன்மேல் கோபமும் ஏக்கமுமாக இருக்கிறான். இந்தக் கடிதத்தை முதலில் அவன் கையில் கொடுக்கப் போகிறேன். அப்புறம் பிள்ளை பெற்றவள் இருக்கிற வீடு ஒன்று விடாமல் போய்ச் சொல்லப் போகிறேன், பூங்காவனம் தண்ணீர் குடித்துச் சாகவில்லை என்று. என் முகத்தில் காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

ஐப்பசி வருகிறது. உன் தெவசத்துக்கு இலை போடும்போது, வலப்பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் வைப்பேன். தம்பி என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னால் போகிறேன், வைத்துவிட்டுப் போகிறேன். வந்து குடி. இந்தத் தடவை யாரும் தட்டிவிடமாட்டார்கள்.

உன் ஈரக் கையைத் துடைத்த நாத்தனார்,
கன்னியம்மா