சம்பந்தி வாங்கிய பள்ளிப் பை

ஒசாகா,
மே மாதம், திங்கட்கிழமை

அன்பு மகள் சிஹோவுக்கு அப்பா எழுதுவது. என் முழங்காலையும் மனசையும் விட்டுவிட்டால் இங்கே எல்லோரும் சௌக்கியம். ஹாம்பர்க்கில் நீயும் மாப்பிள்ளையும் குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொள்கிறீர்களா?

நேற்று உன் அண்ணன் தைக்கி எல்லோரையும் உமேதா கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அடுத்த வசந்தத்தில் அவன் மகள் கொஹரு முதல் வகுப்புக்குப் போகிறாள் அல்லவா, அவளுக்குப் பள்ளிக்கூடத் தோல் பை எடுக்க. ஆறு வருஷம் முதுகில் சுமக்கப்போகிற பை, தாத்தா வாங்கித் தருவதுதான் முறை. எந்தத் தாத்தா என்பதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். அண்ணியின் அப்பா ஹொரிகுச்சி செந்தாயிலிருந்து ரயிலேறி வந்து நின்றார், கை நிறைய இனிப்புப் பெட்டிகளோடு. கடையில் கொஹரு இளம் ஊதாப் பை ஒன்றை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றி வந்தாள், நான் பர்ஸை எடுத்துக்கொண்டே மரியாதைக்கு, "சம்பந்தி, அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கீங்க, நீங்களே வாங்கிக் குடுங்க" என்றேன். நீயே சொல்லம்மா, நம் ஊரில் இதற்கு என்ன பதில்? "ஐயையோ, நீங்க இருக்கும்போது நானா" என்று அவர் சொல்ல வேண்டும், நான் மறுக்க வேண்டும், அவர் மறுபடி மறுக்க வேண்டும், அப்புறம் வேறு வழியில்லாதவன்போல் நான் வாங்க வேண்டும். அந்த மனுஷன் "அப்படிங்களா, ரொம்ப சந்தோஷம்" என்று இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டு நேரே பணம் கட்டப் போய்விட்டார். நான் பர்ஸும் கையுமாக நின்றேன். அம்மா என் காதருகே வந்து, "வாயை வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல" என்றாள்.

அதற்கப்புறம் எனக்கு எதுவும் ருசிக்கவில்லை. கோட்டையைப் பார்க்கப் போனோம், மேட்டில் ஏறும்போது அவர் கொஹருவைத் தோளில் தூக்கிக்கொண்டார், என்னைவிட மூன்றே வயதுதான் இளையவர், ஆனால் மலையாடு மாதிரி ஏறுகிறார். மேலே போனதும் காமிராவை என் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள். அத்தனை படத்திலும் அவர் பல் தெரிகிறது, ஒன்றில்கூட நான் இல்லை. தோத்தோன்போரி கடைவீதியில் தக்கொயக்கி, அதுதான் அந்தச் சூடான ஆக்டோபஸ் உருண்டை, வாங்கினால், கொஹரு முதல் உருண்டையை ஊதி ஊதி அவர் வாயில் வைக்கிறாள். நான் வாயைத் திறந்து காத்திருந்ததை அண்ணி பார்த்துவிட்டு, "மாமா, உங்களுக்கு இன்னொரு தட்டு சொல்லட்டுமா" என்று கேட்டாள். பசி என்று நினைத்தாள் போலிருக்கிறது. ரயில் நிலையத்தில் அவரை வழியனுப்பும்போது குழந்தை அழுதது, எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன பெயர் வைப்பது. ஆறு வருஷம் தினமும் காலையில் அவள் நம் தெரு வழியாகப் பள்ளிக்குப் போவாள், நான் வாசலில் நின்று அவர் வாங்கிய பையைப் பார்த்துக் கையாட்ட வேண்டும்.

இதுவரை எழுதியதை அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு எழுதற லெட்டரா இது, அஞ்சாம் மாசம் பொறந்திருக்கே, எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். எப்படி இருக்கிறாய் மகளே? நேரத்துக்குச் சாப்பிடு, சைக்கிளில் போகாதே. ஐந்தாம் மாதத்தில் சுகப்பிரசவத்துக்காகக் கட்டிக்கொள்ளும் வயிற்றுக் கச்சையை அம்மா கோயிலில் வைத்து வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறாள், நல்ல நாள் பார்த்துக் கட்டிக்கொள்.

முக்கியமான ஒன்று. மாப்பிள்ளையின் அப்பாவிடம் இப்போதே சொல்லி வை, உன் பிள்ளைக்கு முதல் பள்ளிப் பை நான்தான் வாங்குவேன். பிறக்கவே இல்லை அதற்குள் பையா என்று சிரிக்காதே, அப்போது எனக்கு வயது எண்பதை நெருங்கிவிடும், கேட்க நான் இருப்பேனோ இல்லையோ, அதனால்தான் இப்போதே கேட்கிறேன். அவர் மரியாதைக்காக ஒரு தடவை "நீங்களே வாங்குங்கள்" என்று சொன்னால் போதும், நான் குனிந்து வணங்கிவிட்டு வாங்கிவிடுவேன்.

தாயும் சேயும் நோய்நொடியில்லாமல் நீண்டநாள் வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்தும்

உன் அப்பா
மித்சுஹாரு