பகலில் பறந்த விமானங்கள்

ஜூன், திங்கள்

சிதம்பரம். காலையிலேயே முதுகைச் சுடும் வெயில். ஹாஸ்டல் மாடியில் தண்ணீர் ஏறவில்லை. வாளியோடு கீழே வரிசையில் நின்றபோது போனில் செய்தி: அங்கே விமானத் தாக்குதல் தொடங்கிவிட்டது. 'அங்கே' என்றால் குமார் மாமா வேலை பார்க்கும் துறைமுக நகரம். செல்வி அக்காவின் வீட்டுக்காரர். கிரேன் ஓட்டுகிறார்.

வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். மாமா உடனே எடுத்தார். நன்றாக இருக்கிறாராம். சத்தம் தூரத்தில்தானாம். கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்பில் எல்லோரும் மொட்டை மாடியில் நின்று வீடியோ எடுத்தார்களாம். திட்டினேன். சிரித்தார்.

அப்புறம் நாள் முழுக்க லேப்டாப். என் பிஎச்.டி.யே இதுதான்: வான்படையை மட்டும் வைத்து ஒரு நாட்டைப் பணிய வைக்க முடியுமா. வருஷக்கணக்காகப் பழைய போர்களையே படித்துக்கொண்டிருந்தேன். இன்று கண்ணெதிரே ஒன்று. முதல் அடி முழுக்க ரேடார்கள் மீதும் ஏவுகணைத் தளங்கள் மீதும். அதாவது வான் பாதுகாப்பு (இனி வா.பா.). புத்தகத்தில் இருக்கிற மாதிரியே. உட்கார முடியவில்லை. சாப்பிடவும் மறந்து, சாயங்காலம் பிஸ்கட்.

வாங்க: சோப்பு, A4 தாள், கொசுவத்தி.

செவ்வாய்

புழுக்கம். கைடு மேடத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை துறைக் கருத்தரங்கில் பழைய கட்டுரையை விட்டுவிட்டு இந்தப் போரையே பேசச் சொன்னார். தலை சுற்றியது, சந்தோஷத்தில்தான். பயம் கொஞ்சம்.

கீழவீதி டீக்கடையில் காதில் விழுந்தது:
"இனிமே சண்டைக்கு ஆளே போவ வேணாமாம். பட்டனத் தட்டுனா போதுமாம்."
"அப்ப கீழ நிக்கறவன்?"
"அவன் நிக்க வேண்டியதுதான்."

மாமாவின் கம்பெனி சொல்வது: யாரும் வெளியே போக வேண்டாம், அடி எல்லாம் ராணுவ இடங்களுக்குத்தான், கேம்ப் பத்திரமான இடம். சரி, எங்கேதான் இருக்கிறது என்று சாட்டிலைட் வரைபடத்தில் தேடினேன். கேம்ப் காம்பவுண்டை ஒட்டி வரிசையாக வெள்ளை வட்டங்கள். எண்ணெய் டேங்குகள்.

மெஸ்ஸில் உப்புமா. இறங்கவில்லை.

புதன்

மேகமூட்டம், மழை இல்லை. காலையில் ஒரு வீடியோ. அந்த ஊர் மேலே பட்டப்பகலில் விமானங்கள், தாழ்வாக, அவசரமே இல்லாமல். திரும்பத் திரும்பப் பார்த்தேன். கீழிருந்து சுடுவார்கள் என்ற பயம் இருந்தால் இப்படிப் பறக்க மாட்டார்கள். ஆக, வா.பா. முடிந்தது. அடுத்த வரிசை தொலைத்தொடர்பு, மின்சாரம், எரிபொருள், துறைமுகம். எரிபொருள்.

கூப்பிடப் போனேன், அதற்குள் மாமாவே கூப்பிட்டார்.

"மலரு, பண்ருட்டிக்காரரு ஒருத்தரு பார்டருக்கு வேன் பேசியிருக்காரு. பாதிப் பேரு போவலாங்கிறான், பாதிப் பேரு வேணாங்கிறான். நீதான் இதப் படிக்கிற. போவட்டுமா?"

இதுவரை நான் எழுதிய எதற்கும் மதிப்பெண்தான் வந்திருக்கிறது.

"கெளம்புங்க மாமா. இன்னிக்கே. ஆனா கடலோர ரோடு வேணாம், அதுல பெரிய பாலம் இருக்கு. பாலத்த அடிப்பாங்க. உள்பக்கமா பாலைவன ரோட்டுல போங்க."

பாலைவன ரோடு என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னார். அப்புறம், "சரி."

கையோடு அக்கா போன். மாமாவே அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"நாலு சொவத்துக்குள்ள இருந்தவர ரோட்டுல எறக்கி விட்டுட்ட. அவருக்கு எதாச்சும் ஆச்சுன்னா ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேன்டி."

பையில் இரண்டு சுடிதாரைத் திணித்துக்கொண்டு கடலூர் பஸ். ஜன்னல் சீட் கிடைத்தது. புதுச்சத்திரம் வரை போனையே பார்த்துக்கொண்டு வந்தேன். மாமாவிடமிருந்து ஒரே ஒரு செய்தி: வேன் கிளம்பிவிட்டது.

வியாழன்

முதுநகர் வீடு. கடல் காற்று, துணி எல்லாம் பிசுபிசுப்பு. மாமா போன் அணைந்து கிடக்கிறது. அம்மா திருவந்திபுரம் கோயிலுக்கு மொட்டை வேண்டிக்கொண்டாள், மாமாவின் தலைமுடியை அவரைக் கேட்காமலே. அக்கா என்னோடு பேசவில்லை. காபியை மட்டும் கொண்டுவந்து நங்கென்று வைத்தாள்.

மதியம் டிவியில் அந்தத் துறைமுகம். டேங்குகள் எரிகின்றன. வானம் பாதிக்குக் கரும்புகை. கேம்ப் இருந்த பக்கமே தெரியவில்லை. நான் சொன்னது நடந்துவிட்டது. முதலில் வந்தது சந்தோஷம்தான், எழுதினால் அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான். அடுத்த நொடியே, வேன் எங்கே? என் பேச்சைக் கேட்டுப் போன வேன் எங்கே? அக்கா என் கையைப் பிடித்தாள். வளையல் அழுந்த அழுந்தப் பிடித்தபடியே இருந்தாள்.

சாயங்காலம் தெரியாத நம்பர். மாமா.

"தாண்டிட்டோம். தண்ணி குடிச்சிட்டு வந்து பேசறேன்."

போனை வைத்துவிட்டார். மூன்று பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். அம்மா அழவும் செய்தாள். நான் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். செருப்பில்லாமல் போயிருக்கிறேன், திரும்பி வரும்போதுதான் தெரிந்தது.

அப்புறம் பேசினார். பாலத்தை யாரும் தொடவில்லையாம். கடலோர ரோட்டில் போனவர்கள் விடியும்போதே பார்டரில். இவர்கள் மணலில், டயர் பஞ்சராகி, தண்ணீர் தீர்ந்து, வெயிலில். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. கேம்பிலேயே தங்கியவர்களில் குறிஞ்சிப்பாடிக்காரர் ஒருவருக்கு முகமெல்லாம் கண்ணாடிச் சில்லு. ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை.

வெள்ளி

அதிகாலைத் தூறல். முதல் பஸ்ஸில் சிதம்பரம். ஜாக்கெட் கொக்கி அறுந்து, ஊக்குப் போட்டுக்கொண்டு மேடை ஏறினேன். எழுதி வைத்ததைப் பார்க்கவே இல்லை. பகலில் பறந்த விமானங்கள், டேங்குகள், எதற்கு அடுத்து எது என்று கடகடவென்று வந்தது. பாலத்தையும் சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. பின்னால் தங்கள் படைக்கே தேவைப்படும் என்று விட்டிருக்கலாம், ஜனங்கள் வெளியேறட்டும் என்றும் விட்டிருக்கலாம், எனக்குத் தெரியாது என்றேன்.

மேடம் கடைசியில் எழுந்தார். "எல்லாம் மேலேருந்து பாத்துச் சொல்ற. கீழ இருக்கறவங்க போறதா இருக்கறதான்னு எத வச்சு முடிவு பண்றாங்க?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

"தெரியல மேடம். ஆனா போய்க் கேக்க முடியும்."

மேடம் தன் அறைக்கு வந்ததும் மூன்றாம் அத்தியாயத்தைத் தூக்கிப் போடு, இதை எழுது என்றார். வருஷக்கணக்கான உழைப்பு அந்த அத்தியாயம். வருத்தமே வரவில்லை. ஹாஸ்டலுக்குக் குதித்துக்கொண்டு வந்தேன். கேள்விகள் எழுத ஆரம்பித்தாயிற்று. போனில் ஒலிப்பதிவு சரியாக வேலை செய்கிறது.

ஞாயிறு

கடலூர். நல்ல மழை. நேற்று மாமா வந்து சேர்ந்தார். கறுத்து, உதடு வெடித்து, அதே சிரிப்போடு. அக்கா இன்று வஞ்சிரக் குழம்பு வைத்தாள். எனக்குத் தலைத்துண்டு. சமாதானம் ஆகிவிட்டது போலிருக்கிறது. மாமா சாப்பிட்டுத் தூங்கினார். குக்கர் விசிலுக்கு அலறி எழுந்து உட்கார்ந்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள்.

மழை விட்டதும் தானாகவே வந்து கேட்டார், என்னமோ பேட்டி எடுக்கணும்னியே என்று. போனை நடுவில் வைத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டார். முதல் சத்தத்திலிருந்து என்றேன்.

யோசித்தார்.

"அது வேணாம். நீ கெளம்புங்கன்னு சொன்ன பாரு, அப்ப நான் கெளம்பல. சரின்னு சொல்லிட்டுப் போயி படுத்துட்டேன்."

"அப்புறம்?"

"எண்ணெ டேங்க் ஆபீசருங்க காரெல்லாம் வரிசையா வெளிய போச்சு. வளக்கற நாயக்கூட ஏத்திக்கிட்டாங்க. நாய் ஜன்னல்ல தலைய நீட்டுச்சு. அதப் பாத்துட்டுதான் பொட்டியத் தூக்குனேன் மலரு."