காய்ச்சல் என்று எழுதாத பாட்டு

ஆவணி 3, திங்கள்
புழுதிக் காற்று. சுருட்டுக் கொட்டிலின் ஒரு பக்க ஓலைக் கிடுகு பறந்துவிட்டது. கட்ட ஆள் பிடிக்க வேண்டும்.
கந்தையனின் பலகை இன்னும் வெறுமை. அவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட பிறகு யாரும் அதில் இருக்கவில்லை, அவன் பேரையும் எடுக்கவில்லை. சுருட்டுச் சுற்றிக்கொண்டே பாடுகிறவன். இப்போது கத்திச் சத்தம் மட்டும்.
பின்னேரம் அவனுடைய தமையன் பொன்னையா அண்ணை வந்தார். முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியன்று படிக்கப் பாட்டு வேண்டுமாம். நாடகங்களுக்குப் பாட்டுக் கட்டுகிறவன் நான், அவனுடைய சிநேகிதன். வேறு யாரிடம் போவார்? ஆனால் காய்ச்சலில் போனான் என்று வரவேண்டுமாம். "சனம் கதைக்கிறது போதும், தம்பி." ஓம் என்றேன்.

ஆவணி 5, புதன்
வெயில். பல்லுவலி. கிராம்பு.
நாலு வெண்பா. காய்ச்சல், விதி, கைலாயம். எதுகை சரி, மோனை சரி. கந்தையன்தான் இல்லை. கிழித்தேன்.

ஆவணி 7, வெள்ளி
கந்தையனின் மனைவி தங்கம்மாவிடம் போனேன். பொன்னையா அண்ணையும் அங்கே. காய்ச்சல் விஷயத்தைச் சொன்னேன். தங்கம்மா சொன்னார்:
"காய்ச்சல் எண்டு எழுதாதையுங்கோ, அண்ணை. அவர் பட்ட பாட்டை நான் பாத்தனான். அதை மறைச்சால் அவரையே மறைச்ச மாதிரி."
பொன்னையா அண்ணை சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். கடைசியாகக் கண்டபோது தம்பியை ஏசினாராம். அதனால்தானோ என்று ஒவ்வொரு நாளும் யோசனையாம். தங்கம்மாவுக்கும் தன்னால்தானோ என்று. எனக்கும். நித்திரை வருவதில்லை என்று அவன் சொன்னதைக் கேட்டவன் நான். மூன்று பேரும் தனித்தனியே சுமந்திருக்கிறோம்.
"ஒருத்தரிலும் பிழையில்லை," என்றார் தங்கம்மா. "அவருக்கு மனசிலை வருத்தம், ஒரு நோய். உடம்பிலை வாற வருத்தம் மாதிரித்தான்."
பொன்னையா அண்ணை எழும்பும்போது, உள்ளதையே எழுதச் சொல்லிவிட்டுப் போனார்.
பனங்கட்டியோடு தேத்தண்ணீர். இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தேன்.

ஆவணி 8, சனி
கிணற்றடியில், தலையில் பாதி எண்ணெயோடு நிற்கும்போது வந்தது:

நெஞ்சின் பாரம் தாங்காமல் நீ போனாய், கந்தையா;
நின்றழுவோம், உன்மேலே பழிசொல்ல மாட்டோம்.
கொஞ்சநாள் ஆனாலும் எம்மோடு பாடினாய்;
கொட்டிலெல்லாம் உன்பேரைக் கூசாமல் சொல்வோம்.

மிச்சம் தானாகவே. இரவு நல்ல நித்திரை.

ஆவணி 14, வெள்ளி
கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை. தங்கம்மா வீட்டுக்குத் திரும்பி வந்து, சாப்பாட்டுக்கு முன் பாட்டைப் படித்தேன். முதல் வரியில் சனம் ஒருவரையொருவர் பார்த்தது. தங்கம்மா வாய்விட்டு அழுதார், அவன் போனபின் முதல் தடவையாக. பிறகு எல்லோரும் அவனைப் பற்றியே கதை. நாடகமொன்றில் பெண் வேஷத்தில் சேலை தடக்கி அவன் ராஜாவின் மடியில் விழுந்ததைப் பொன்னையா அண்ணை நடித்தே காட்டினார். சிரிப்பு.
கை கழுவும் இடத்தில், எங்கள் கொட்டிலில் புகையிலை நனைக்கிற செல்லத்துரை பக்கத்தில் வந்து நின்றான்.
"எனக்கும் சில நாள் நெஞ்சுப் பாரம் உப்பிடித்தான் வாறது, அண்ணை. ஒருத்தரிட்டையும் சொன்னதில்லை."
தனியே விடவில்லை. என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இருட்டும்வரை சொன்னான், நான் கேட்டேன். வைத்தியரிடம் போக ஒத்துக்கொண்டான், நானும் கூட வந்தால். படுக்கப் பாய் போட்டேன்.

ஆவணி 15, சனி
வெளிச்சம் வந்து வெகுநேரம். செல்லத்துரை இன்னும் நித்திரை. குறட்டை. எழுப்பவில்லை.