இரவல் கொடுத்த வகுப்பு

ஆகஸ்ட் 3

அன்புள்ள இங்கிலீஷ்,

நலம். வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டில் இருக்கிறேன். படிக்கக் கூடாது, குனியக் கூடாது என்கிறார் டாக்டர். ஒற்றைக் கண்ணால் இதை எழுதுவதைப் பார்த்தால் மகள் பேனாவைப் பிடுங்கிவிடுவாள்.

உன் ஆங்கில வகுப்புகளுக்கு நடுவே என் பிரெஞ்சு வகுப்பையும் பார்த்துக்கொள்வதாக நீ சொன்ன பிறகுதான் ஆபரேஷனுக்கே துணிந்தேன். நீ பாடம் நடத்த வேண்டாம். பிள்ளைகள் என் அறையில் உட்கார்ந்து, நான் வைத்துவிட்டு வந்த பயிற்சிகளை வரிசைப்படி எழுதினால் போதும். இருபதாம் தேதி விருப்பப் பாடங்களுக்கு மாணவர் கணக்கெடுப்பு. பன்னிரண்டு பேருக்குக் குறைந்தால் வகுப்பையே எடுத்துவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். என்னிடம் இருப்பதோ பதின்மூன்று. அன்றைக்கு மட்டும் ஒருவரும் குறையாமல் பார்த்துக்கொள்.

நான் இல்லாதது அவர்களுக்கு நிம்மதியாகக்கூட இருக்கலாம். சரியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேனா என்ற பழைய புலம்பல்தான். நீ சிரிப்பாய்.

உன்,
பிரெஞ்சு

ஆகஸ்ட் 9

டேய் பிரெஞ்சு,

புலம்பாமல் கண்ணை மூடிக்கொண்டு படு. உன் பிள்ளைகள் தனியாக விட்டால் அறையைச் சந்தைக்கடை ஆக்குகிறார்கள். அதனால் என் வகுப்பில் பின்வரிசையில் உட்காரவைத்திருக்கிறேன். நீ வந்ததும் தலையை எண்ணி வாங்கிக்கொள். அந்த நெட்டைப் பெண் ஆங்கிலத்திலும் கெட்டிக்காரி.

கணக்கெடுப்பை என்னிடம் விடு. இத்தனை வருஷம் உன் சாப்பாட்டில் பாதியைத் தின்றவன், உன் வகுப்பையா கைவிடுவேன்?

இங்கிலீஷ்

ஆகஸ்ட் 31

அன்புள்ள இங்கிலீஷ்,

நேற்றுப் பள்ளிக்கு வந்திருந்தேன். நீ வகுப்பில் இருந்தாய். கூப்பிடத் தயக்கமாக இருந்தது. என் அறையில் உன் மருமகள் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தாள். புதிய பிரிவாம். என் புத்தகங்கள் வராந்தாவில் ஒரு பெட்டியில் கிடந்தன.

நெட்டைப் பெண் ஓடிவந்தாள். "சார், நீங்க இனிமே வரமாட்டீங்கன்னு சொன்னாங்களே. கணக்கெடுப்பன்னிக்கு எங்க பேரெல்லாம் இங்கிலீஷ் வகுப்புல சேத்துட்டாங்க. கேட்டா, உங்க சார்கிட்ட பேசியாச்சுன்னாரு இங்கிலீஷ் சார்" என்றாள்.

என்னிடம் எப்போது பேசினாய் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மருந்து மயக்கத்தில் நான் எதற்காவது தலையாட்டியிருக்கலாம். எங்கேயோ தவறு நடந்திருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் நீ ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும். இரண்டு வரியாவது எழுது.

உன்,
பிரெஞ்சு

செப்டம்பர் 4

பிரெஞ்சு,

சுற்றி வளைக்கவில்லை. உன் பதின்மூன்று பேர் சேர்ந்ததால்தான் ஆங்கிலத்துக்கு இன்னொரு பிரிவும், அதற்கு ஓர் ஆசிரியர் வேலையும் கிடைத்தன. மகனுக்கு வேலை போய் ஒரு வருஷம் ஆகிறது. மருமகளாவது சம்பாதிக்க வேண்டாமா? உனக்கு இன்னும் இரண்டே வருஷம், அதற்குப் பிறகு ஓய்வு.

தலைமை ஆசிரியர் உன்னைக் கேட்காமல் செய்யலாமா என்றார். "தனக்கே தன் பாடத்துல நம்பிக்கை இல்லைன்னு அவரே சொல்றாரு சார்" என்றேன். பொய்யா? வாராவாரம் நீ என்னிடம் சொல்வதுதானே?

நூலகத்தில் உனக்கு ஓர் இடம் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்.

இங்கிலீஷ்

செப்டம்பர் 12

ஆங்கில ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் நானே உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருந்தேன்.

மருமகளுக்கு வேலை வேண்டும் என்று கேட்டிருந்தால், வகுப்பை நானே விட்டுக்கொடுத்திருப்பேன். அது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் மருமகள் நன்றாக நடத்துகிறார். வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டேன். அவர்மீது எனக்கு வருத்தமில்லை.

நூலக வேலை வேண்டாம் என்று தலைமை ஆசிரியருக்கு எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வர இயலாது.

நான் நல்ல ஆசிரியன்தானா என்ற சந்தேகத்தை உங்களைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. இறந்துபோன என் மனைவியிடம்கூட. அந்தச் சந்தேகம் இன்னும் இருக்கிறது. சொல்லத்தான் ஆளில்லை.

இப்படிக்கு,
பிரெஞ்சு ஆசிரியர்