ஆரின்ர விருப்பம்

சில கிழமைகளாக என் கணினித் திரையின் வலது மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி நிற்கிறது. ‘விருப்பத்திற்குரிய புதுப்பிப்பு தயாராக உள்ளது.’ அதன் கீழே இரண்டு பொத்தான்கள்: ‘இப்போது நிறுவு’, ‘பிறகு’. ‘வேண்டாம்’ என்றொரு பொத்தான் இல்லை. அந்தப் பெட்டியைக் காணும்போதெல்லாம் உம்முடைய குரல் காதில் விழுகிறது. விழுந்தவுடன் கோபம் வருகிறது. பாதி அந்தப் பெட்டியின் மேல், பாதி உம்மேல்.

நீர் என்று எழுதுகிறேன். என் ஊரான அக்குறணையில் யாரும் யாரையும் ‘நீர்’ என்பதில்லை. கண்டியில் நாம் வேலைசெய்த அரச அலுவலகத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு நான் வந்த புதிதில் உம்மை ‘நீங்கள்’ என்றேன். மூத்தவர், யாழ்ப்பாணத்தவர், தமிழில் புலி என்று கேள்விப்பட்டிருந்தேன். “அப்பிடிச் சொல்லாதையும். எனக்கும் உமக்கும் நடுவில கிடக்கிறது ஒரு மேசைதான், மகாவலி ஆறில்லை” என்றீர். அன்றிலிருந்து நீர், உமக்கு, உம்முடைய. பதிலுக்கு, என்னைவிட எத்தனையோ வயது மூத்த நீர் கடைசிவரை என்னை ‘நானா’, அதாவது அண்ணன், என்றே அழைத்தீர். “அவர்ட வயசுக்கு நீங்க அவருக்கு நானாவா?” என்று என் மனைவி சிரிப்பாள். உங்கள் ஊரில் எங்கள் முஸ்லிம் ஆண்கள் எல்லோரும் நானாதான், அதில் வயதுக் கணக்கு இல்லை என்று நான் விளக்கவேண்டியிருந்தது.

புதுப்பிப்பு விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டியில் ‘மேலும் அறிய’ என்பதை அழுத்தினால் நீண்ட விவரம் ஒன்று விரிகிறது. வேகம் கூடுமாம், பாதுகாப்பு கூடுமாம், படங்கள் அழகாகத் தெரியுமாம். எல்லாவற்றுக்கும் அடியில், யாரும் வாசித்துவிடக் கூடாது என்ற கவனத்தோடு ஒரு வரி: பழைய முறையில் ஆக்கப்பட்ட விசைப்பலகைகள் இதன்பின் இயங்கா. பழைய முறையில் ஆக்கப்பட்டது என்று என் கணினியில் இருப்பது ஒன்றே ஒன்று. நீர் செய்தது.

அதை நீர் ஏன் செய்தீர் என்பது எனக்கு மறக்கவில்லை. அலவத்துகொடையிலிருந்து ஒரு பெண் தன் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்போடு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். சான்றிதழில் அவர் ஹலீமா. எங்கள் பிரிவில் அதைத் தட்டச்சுச் செய்தவர் அலீமா என்று போட்டுவிட்டார். ‘ஹ’ தமிழ் எழுத்தில்லை என்பது அவருடைய கொள்கை. எங்களுக்கு ஹலீமா வேறு பெயர், அலீமா வேறு பெயர், பொருளும் வேறு. அடுத்த அலுவலகத்தில் இவர்கள் இரண்டு பேர் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் எங்கள் வாசலில் நின்று, “அப்ப நான் ஆரு ஸேர்?” என்று கேட்டார். கேலியில்லை. உண்மையாகவே கேட்டார்.

நீர் ஒரு தூய தமிழ்க்காரர். இராசா என்று எழுதுவீரே தவிர ராஜா என்று எழுதமாட்டீர். நான் வரைந்த கடிதங்களில் ‘விஷயம்’ வந்தால் ‘விடயம்’ என்று வெட்டித் திருத்திவிட்டு, மன்னிப்புக்கூடக் கேட்கமாட்டீர். அப்படிப்பட்ட நீர்தான் கட்டுகலையில் உம்முடைய வாடகை அறையில் உட்கார்ந்து, கணினி நிரல் எழுதுவதை நீராகவே பழகி, ஒரு விசைப்பலகை செய்தீர். அதில் ஹ, ஜ, ஸ, ஷ நான்கும் விரல் இயல்பாகப் போய் விழும் நடு வரிசையில் இருந்தன. மற்ற விசைப்பலகைகளில் அவை ஷிப்டை அழுத்திக்கொண்டு மூலைமுடுக்கில் தேடவேண்டிய எழுத்துகள். “உங்கட சனத்தின்ர பேர் அடிச்சே உம்மட சின்னிவிரல் தேஞ்சுபோம், நானா” என்றீர். தூய தமிழ்க்காரர் இப்படிச் செய்யலாமா என்று சீண்டினேன். நீர் சிரிக்கவில்லை. “பேர் எண்டது அந்த ஆளின்ர சொத்து. அதுக்குள்ள எனக்கு என்ன தூய்மை?” என்றீர்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக உம்மை எத்தனையோ விஷயங்களில் மன்னித்திருக்கவேண்டும். ஆனால் நான் மன்னிக்கிற ஆள் இல்லை. அது உமக்குத் தெரியும்.

‘விருப்பத்திற்குரியது’ என்ற சொல்லில்தான் நமக்குள் முதல் சண்டை. தமிழ்ப் பிரதிகளை இனிக் கேட்டால் மட்டும் இணைத்தால் போதும், அது கட்டாயமில்லை என்று உள்ளுக்குள் ஓர் ஆணை சிங்களத்தில் வந்தது. அந்த ஆணையைத் தமிழாக்கும் வேலை நம்மிடம் வந்தது என்பதுதான் பெரிய பகிடி. ‘தமிழ்ப் பிரதி இணைத்தல் விருப்பத்திற்குரியது’ என்று நான் எழுதினேன். நீர் என் தாளை எடுத்துப் பார்த்துவிட்டுக் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டீர்.

“ஆரின்ர விருப்பம் நானா? அனுப்பிறவன்ரயோ, வாங்கிறவன்ரயோ?”

அகராதியில் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

“அகராதியில சனம் இல்லை. தமிழ் வாசிக்கிறவன்ர விருப்பத்தை இஞ்ச ஆர் கேட்டது? ‘தமிழில் அனுப்பும் கட்டாயம் எமக்கு இல்லை’ எண்டு போடும். பச்சையா இருக்கும். ஆனா பொய்யில்லை.”

மதியம்வரை வாதாடினோம். தேநீர் ஆறிப்போனது. கடைசியில் நீர் உம்முடைய வாக்கியத்தையே அடித்து, அறிவித்தல் பலகையில் உம்முடைய கையாலேயே குத்திவிட்டீர். தமிழ் தெரிந்த ஊழியர்கள் நின்று வாசித்தார்கள். சிலர் சிரித்தார்கள். பிரிவுத் தலைவர் வந்து பார்த்தபோது சிரிப்பு நின்றது. அந்த மனிதருக்கும் தமிழ் தாய்மொழி. அவர் அதைக் கிழிக்கவில்லை. கவனமாகக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் அப்படி மடித்த விதத்தை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. இப்போது மேடைகளில் மொழியுரிமை பற்றிப் பேசுகிறார். கண்டி நகரில் எதிர்ப்பட்டால் சலாம் சொல்கிறார். பதில் சொல்வது மார்க்கக் கடமை என்பதால் சொல்கிறேன்.

அதன் பிறகு உமக்கு வேலை தரவில்லை. மேசை இருந்தது, கதிரை இருந்தது, கோப்புகள் மட்டும் உம்மைத் தாண்டிப் போயின. நாம் இருவரும் சேர்ந்து எதிர்ப்பது என்றுதான் பேசியிருந்தோம். நான் மனு ஒன்று வரைந்து வைத்திருந்தேன். அக்குறணைப் பாலத்தடியில் வெள்ளம் ஏறி பஸ் நின்றுபோன ஒரு காலை, நான் மழையில் நனைந்து வந்து சேர்ந்தபோது உம்முடைய மேசை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. நீர் ஓய்வுக்குக் கையெழுத்து வைத்துவிட்டீர். கடிதத்தை என்னிடம் காட்டினீர். ‘தமது சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று அதில் இருந்தது. அதைத் தமிழில் எழுதியதும் நீர்தான்.

ஆரின்ர விருப்பம் என்று நான் கேட்டேன். உம்முடைய சொல்லையே உம்முடைய முகத்துக்கு நேரே கேட்டேன். நீர் குடையை எடுத்துக்கொண்டு, “விடும் நானா, சனம் வெளியில நிக்குது. போய் வேலையைப் பாரும்” என்றீர்.

அதற்குப் பிறகு நான் அந்த அலுவலகத்தில் தனியாகக் கிடந்த ஆண்டுகளை உமக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நீர் இலக்கணம்தான் திருத்தியிருப்பீர்.

இரண்டாவது விஷயத்தில் என் கோபம் இன்னும் பெரியது. நீர் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்ட பிறகு, தமிழ் விசைப்பலகைகளைச் சேகரித்துப் புதிய கணினிகளுக்கு ஏற்ப மாற்றிக்கொடுக்கும் சில இளைஞர்கள் உம்மைத் தேடி வந்தார்கள். மூல நிரலைக் கேட்டார்கள். காசு கேட்கவில்லை, பெயரையும் போடுவோம் என்றார்கள். விசைப்பலகைப் பட்டியலில் அதையும் ஒரு விருப்பத்தெரிவாகச் சேர்ப்போம் என்று சொன்னார்களாம். அந்த ஒரு சொல்லுக்காக நீர் அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டீர். எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது உம்முடைய குரலில் அவ்வளவு குதூகலம். “தமிழே இஞ்ச விருப்பத்தெரிவு. அதுக்குள்ள நான் இன்னொரு விருப்பத்தெரிவோ?”

நல்ல வசனம். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஹலீமா என்று அடிக்க ஒரு பெண்ணின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உதவியிருக்கக்கூடிய ஒன்றை, ஒரு நல்ல வசனத்துக்காக நீர் உம்மோடு எடுத்துக்கொண்டு போனீர். நீர் இறந்த செய்தி உம்முடைய தங்கச்சி மூலம் வந்தது. நான் பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது உம்மை எரித்து முடித்திருந்தார்கள். மூல நிரல் இருந்த உம்முடைய மடிக்கணினி எங்கே என்று கேட்டேன். துக்க வீட்டில் கேட்கக்கூடாத கேள்விதான், கேட்டேன். “அதைத் துடைச்சுப் போட்டுப் பிள்ளையள் படம் பாக்கினம், தம்பி” என்றார் தங்கச்சி. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நீர் சொல்லி வைக்கவில்லை.

ஆகவே உம்முடைய விசைப்பலகை உயிரோடு இருப்பது என்னுடைய இந்த இயந்திரத்தில் மட்டும். இந்தப் பெட்டி ‘பிறகு’ என்பதை ஏற்றுக்கொள்ளும் வரைக்கும்.

நான் ‘பிறகு’ என்பதை அழுத்தியே காலத்தைத் தள்ளியிருப்பேன். இந்தக் கிழமை கம்பளையிலிருந்து ஒருவர் வந்தார். மகள் வெளிநாட்டில் தாதியர் படிப்புக்கு இடம் பெற்றிருக்கிறாள். அவளுடைய தாய் தகப்பனின் விவாகப் பதிவும் அவளுடைய பிறப்புப் பதிவும் மொழிபெயர்க்கவேண்டும். நான் இப்போது வீட்டிலிருந்தே செய்யும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன் என்பது உமக்குத் தெரியும். இப்போதெல்லாம் கையெழுத்தும் கணினிக்குள்தான். என் மின்கையொப்பம் இந்த இயந்திரத்தில்தான் பதிவாகியிருக்கிறது. மொழிபெயர்ப்பை முடித்துவிட்டுக் கையொப்பமிடப் போனால் புதிதாக இன்னொரு பெட்டி: புதுப்பிப்பு நிறுவப்படாத கணினியில் கையொப்பமிட முடியாது.

பாரும். மூலையில் ஒரு பெட்டி, உமது விருப்பம் என்கிறது. நடுவில் ஒரு பெட்டி, செய்யாவிட்டால் உமக்குத் தொழில் இல்லை என்கிறது. இரண்டும் ஒரே திரையில், ஒரே நேரத்தில், இரண்டுமே நல்ல தமிழில். நீர் இருந்திருந்தால் அந்த இரண்டையும் அருகருகே வைத்து ஒரு நாள் முழுக்கப் பேசியிருப்பீர். நான் தனியாக உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். கட்டாயம் என்றால் கட்டாயம் என்று சொல்ல இவர்களுக்கு என்ன கேடு? அமுக்கிறவனுடைய விரலையே சாட்சியாக வைத்துக்கொள்கிறார்களே, உம்மிடம் கையெழுத்து வாங்கியதைப் போல.

கம்பளைக்காரர் முன் அறையில் காத்திருந்தார். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினேன். அவர் போகும்போது, “மகளுக்கு நாள் கிட்டுது ஸேர்” என்று மட்டும் சொன்னார். மனைவி வந்து பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். வேறொரு கணினிக்குக் கையொப்பத்தை மாற்றிவிட்டு இதை இப்படியே ஒரு பக்கத்தில் வைத்துவிடலாமா என்றும் கேட்டேன்.

“என்னத்துக்கு? அதுல என்ன செய்யப் போறீங்க?”

ஒன்றும் செய்யப் போவதில்லை, இருக்கட்டும் என்றேன்.

“அந்த மனிசன் மௌத்தாகியும் ஒங்களோட வாதாடிக்கிட்டுத்தான் இருக்கிறார்” என்றாள். பிறகு மெதுவாக, “மையித்த வெச்சிக்கிட்டு இருக்கப்படாதுன்னுதானே நம்மட்ட சொல்ற. நேரத்தோட அடக்கிடுங்க” என்றாள்.

உம்முடைய சிதையைத் தவறவிட்ட எனக்கு அது எங்கே போய்த் தைத்தது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தும் சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் ஒருவர் காலையில் இறந்தால் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் மண்ணுக்குள் போய்விடுவார். தூரத்திலிருந்து வருபவனுக்காகக்கூட நீண்ட நேரம் வைத்திருப்பதில்லை. இறந்தவருக்குச் செய்யும் மரியாதை தாமதிக்காமல் இருப்பதுதான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டவன் நான். தோளில் உடல் வைத்த சந்தூக்கைச் சுமந்துபோகும்போது யாரும் மெதுவாக நடப்பதில்லை.

‘இப்போது நிறுவு’ என்பதை அழுத்தினேன். என் விருப்பத்தின் பேரில் அல்ல. இதை எங்காவது எழுதி வைக்கவேண்டும் என்பதால் உமக்கு எழுதுகிறேன். திரை கறுத்தது. நெடுநேரம் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. மீண்டும் திரை வெளுத்தபோது எல்லாம் அப்படியே இருந்தது. விசைப்பலகைகளின் பட்டியலில் உம்முடையது மட்டும் இல்லை.

கம்பளைக்காரரின் தாள்களைத் திறந்தேன். பிழை பார்க்கும்போது, மொழிபெயர்ப்போடு இணைக்கும் தமிழ்ப் பிரதியில் ஒரு வரியைத் திருப்பி அடிக்கவேண்டியிருந்தது. அவருடைய மகளின் பெயர் ஹாஜரா. விரல்கள் பழக்கத்தில் போய் விழுந்தன. நிமிர்ந்து பார்த்தால் திரையில் ‘ளாணரா’ என்று இருந்தது.

அழித்தேன். ஷிப்டை அழுத்திக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தேடி, புதிதாகத் தட்டச்சுப் படிக்கிறவனைப் போல அடித்தேன். ஹாஜரா என்று வந்தது. கையொப்பமிட்டு அனுப்பினேன். மறுநாள் அவர் வந்து பிரதியை வாங்கி, பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “சரியா இருக்கு” என்றார். சரியாக இருப்பதற்கு நான் பட்ட பாட்டை அவரிடம் சொல்லவில்லை.

பழகிவிடும் என்கிறாள் மனைவி. பழகவில்லை. விரல் ஒவ்வொரு தடவையும் உம்முடைய வரிசைக்கே ஓடுகிறது, அங்கே வேறு எழுத்து உட்கார்ந்திருக்கிறது, நான் உம்மை வாய்விட்டுத் திட்டிவிட்டு அழிக்கிறேன். இன்று காலை அலவத்துகொடையிலிருந்து ஒரு குடும்பத்தின் பதிவுகள் வந்திருக்கின்றன. தகப்பன் ஷாஜஹான், தாய் ஹுஸ்னா, பிள்ளைகள் ஸஹ்ரா, ஷஹீதா, ஹிஷாம். இன்றைக்கு உம்மைத் திட்ட அது போதும்.