மூடி போட்ட பிரஷ்

ஜனவரி 9

இன்று காலை ஹெப்ரி ஊருக்குப் பக்கத்தில் ஒரு கோயில் குளத்தில் எங்கள் யட்சகானக் கூத்துக் குழுவே பல் தேய்த்தது. தேய்த்தது என்று எழுதிவிட்டேன். அங்கே நடந்த அசிங்கத்துக்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

மத்தளக்காரர் முதலில் ராத்திரி வெற்றிலையைக் குளத்துக்குக் கொடுத்தார், பிறகு அதே தண்ணீரில் வாய் கொப்பளித்தார். பாகவதர் பிரஷைச் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறார். பீடிக் கட்டும் சீப்பும் அதற்குத் துணை. இன்று பிரஷில் நீளமாக ஒரு முடி. அவர் தலையிலோ முடியே கிடையாது. யாருடையதோ! அதை விரலால் உருவிப் போட்டுவிட்டு, சுருதி பிசகாமல் தேய்க்க ஆரம்பித்தார்.

எல்லோரையும் மிஞ்சினவன் ஐத்தப்பா. ராட்சச வேடம் கட்டுகிறவன். அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்து முகமெல்லாம் முள் முள்ளாக வைத்துக்கொண்டு அவன் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கூச்சல் போட்டால் முன்வரிசைப் பிள்ளைகள் அம்மா மடியை நனைத்துவிடும். அந்த ராட்சசன் கடைசிப் படியில் குந்திக்கொண்டு, பல் தேய்க்கிற பிரஷால் சலங்கைத் தோலைத் தேய்க்கிறான். தாத்தா காலத்து வியர்வை, கறுப்பாக ஓடியது.

"டேய், இதையா வாயில வைக்கப் போறே?"

"பல்லுக்கு வேற இருக்கு மாராயா."

எல்லோருமே அவனுக்கு மாராயாதான். கை காட்டினான். செண்பக மரக் கிளை இடுக்கில் ஒரு பச்சைப் பிரஷ், தலையை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "காக்கா எச்சம் போட்டுடும்டா" என்றேன். "போட்டா கழுவிக்கிறேன்" என்கிறான். எருமை.

என் பிரஷைக் காற்றுகூடத் தொட்டதில்லை. உடுப்பி பஸ் ஸ்டாண்டில் வாங்கினது, தலைக்கு மூடி போட்டது. விடியுமுன்பே எழுந்து, தேய்த்த கையோடு டக்கென்று மூடி, தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். அந்தப் பெட்டி எனக்கும் ஐத்தப்பாவுக்கும் பொது. ஆனாலும் என் பிரஷ் மட்டும் அரண்மனை ராணி மாதிரி.

ஜனவரி 18

சந்தேஷின் பிரஷ் மேல் கரப்பான் மீசை ஆட்டிக்கொண்டிருந்தது. "பெண் வேஷக்காரனுக்கு மீசை முளைச்சிருச்சு!" என்றேன். குழுவே சிரித்தது. அவன் அழாத குறை. மூடி வாங்குடா என்று புத்தி சொன்னேன்.

ஜனவரி 24

ஈறில் ரத்தம். ஊர் ஊராகத் தண்ணீர் மாறினால் இப்படித்தான்.

பிப்ரவரி 1

மேனேஜர் ஹெக்டே கூப்பிட்டு அனுப்பினார். என்னையும் ஐத்தப்பாவையும் மட்டும். சந்தேஷ் புகார் சொல்லியிருக்கிறான். ராட்சசன் அவனைத் தூக்கிக்கொண்டு போகிற காட்சியில் ஏதோ ஒரு வாய் நாறுகிறதாம். செத்த எலி நாற்றமாம். அந்தக் காட்சியில் மூன்றே பேர்தான்: ராட்சசன், அவனுடைய கோமாளித் தூதனாக நான், நடுவில் சந்தேஷ்.

"நாத்தம் உங்க ரெண்டு பேர்ல யாரு?" என்றார் ஹெக்டே. "வாந்தி வந்து பையன் பாதி வசனத்தை முழுங்குறான். அடுத்த வருஷம் அந்த ஆளை நான் கூப்பிடப் போறதில்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் ஐத்தப்பா சொல்லிவிட்டான்: "என்னோடதுதான் ஐயா. சரி பண்ணிக்கிறேன்."

பாவம்தான். ஆனால் மரத்தில் காயப்போட்ட பிரஷ் வேறு என்ன செய்யும்? இத்தனை வருஷம் அதே பெட்டியில் என் ராணியும் குடியிருந்திருக்கிறாள் என்று நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது. பெட்டிக்கு நடுவில் அட்டை வைத்துத் தடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 13

நேற்று ராத்திரி ஆட்டத்தில் நல்ல கூட்டம். கூட்டத்தைப் பார்த்தால் என் நாக்கு என் பேச்சைக் கேட்காது. ராட்சசன் படையெடுக்கக் கட்டளை போட்டதும் சொன்னேன்: "அரசே, யானை எதுக்கு, குதிரை எதுக்கு? நீங்க அவங்க கோட்டை வாசல்ல போய் நின்னு ஒரு கொட்டாவி விடுங்க. போதும்."

பந்தலே அதிர்ந்தது. திரைக்குப் பின்னால் ஹெக்டேகூடச் சிரித்தாராம்.

வழக்கமாக நான் ஒன்று சொன்னால் ஐத்தப்பா ஒன்பது சொல்வான். எழுதி வைத்த வசனமா என்ன, அப்போதைக்கப்போது வாயில் வருவதுதானே எங்கள் பிழைப்பு. நேற்றோ, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். காலையில் கஞ்சிக்கும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

கொஞ்சம் கூடப் போய்விட்டேனோ?

பிப்ரவரி 27

ஐத்தப்பா பேசுகிறதில்லை. அது போகட்டும், இப்போது கூச்சலும் சரியில்லை. வாயைப் பாதி மூடிக்கொண்டு கத்துகிற ராட்சசனை எங்கே பார்த்திருக்கிறோம்? கார்க்களாவில் ஒரு பொடியன் பயப்படுகிறதுக்குப் பதில் கொட்டாவி விட்டான். அடுத்த வருஷம் ராட்சச வேடத்துக்கு வேறு ஆள் பார்ப்பதாகப் பேச்சு. இந்த வயதில் அவனை எந்தக் குழு எடுக்கும்?

மார்ச் 6

நல்லது செய்யப் போனேன். என்னுடையது மாதிரியே மூடி போட்ட பிரஷ் ஒன்று வாங்கி அவன் கையில் கொடுத்தேன்.

"இதுல வச்சு மூடிடு. தூசி இல்ல, காக்கா இல்ல."

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பல நாளைக்குப் பிறகு பேசினான். "உன்னோடதை என்னைக்காவது பகல் வெளிச்சத்துல திறந்து பார்த்திருக்கியா மாராயா?"

"ராணி முகத்தைக் கண்டவன் பார்க்கக் கூடாதுடா" என்றேன்.

பிரஷை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனான். திமிர் பிடிச்சவன்.

மார்ச் 15

ஆட்டம் இல்லாத நாள். வீட்டுக்கு வந்தேன். எழுதவே கை கூசுகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பெண்டாட்டி ஜலஜா துணி துவைக்க என் பையைத் திறந்தாள். "இந்த பிரஷையும் கழுவி வைக்கிறேன்" என்று மூடியைக் கழற்றினாள். அவள் போட்ட கூச்சலுக்கு ராட்சச வேடமே கொடுக்கலாம்.

ஐயோ. மூடிக்குள்ள கறுப்பா, கொழகொழன்னு, சாக்கடையில கையை விட்ட மாதிரி ஒரு சளி. நாரோட அடியில பச்சையா பூசணம். தட்டினா ஒரு குட்டிக் கரப்பான் — உயிரோட! — வெளிய வந்து என்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் போச்சு. வாடகைக்கு இருக்கிறவன் மாதிரி. இதையா தினமும் வாயில விட்டு ஆட்டினேன்? விடியறதுக்கு முன்னாடி இருட்டுல எழுந்து, தேய்ச்சு, ஈரத்தோட டக்குன்னு மூடி... சீ! சீ!

மூன்று தடவை வாந்தி எடுத்தேன். ஜலஜா முதுகைத் தடவிக்கொண்டே பேசினாள். "நான் ஏன் கால்மாடு தலை வச்சுப் படுக்குறேன்னு நினைச்சீங்க? காத்தாடிக்காகவா?"

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"உங்ககிட்டயா? சொன்னா அதையும் மேடையில சொல்லிச் சிரிப்பீங்க. ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்."

பிரஷைத் தென்னை மரத்துக் குழியில் விட்டெறிந்தாள்.

செத்த எலி நான்தான்.

மார்ச் 16

பல் டாக்டர் அம்மா என் வாய்க்குள் பார்த்ததும் இரண்டாவது முகமூடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மரியாதைக்காரி. ஈறு வீங்கியிருக்கிறதாம், பல் இடுக்கெல்லாம் அழுக்காம். சுரண்டிச் சுத்தம் செய்தார். பிரஷை ஈரத்தோடு மூடவே கூடாதாம். நன்றாக உதறி, தலை மேலே இருக்கிற மாதிரி, காற்றுப்படுகிற இடத்தில், இன்னொரு பிரஷ் மேல் படாமல் நிறுத்த வேண்டுமாம். நார் வளைந்தால் தூக்கிப் போட வேண்டுமாம். கேட்கக் கேட்க எனக்கு அந்தச் செண்பக மரம்தான் கண்ணில் நின்றது.

மார்ச் 17

சலங்கை கட்டிக்கொண்டிருந்த ஐத்தப்பா எதிரில் போய் உட்கார்ந்தேன். கொஞ்சம் தள்ளித்தான்.

"நான்தான்னு தெரிஞ்சும் ஏன்டா உன் தலையில போட்டுக்கிட்டே?"

அவன் முடிச்சை இறுக்கினான். "ராட்சசன் தூரத்துல நின்னு கத்துறவன். வாய் நாறினாலும் ராட்சசன்தானேன்னு விட்டுடுவாங்க. நீ எல்லார் காதுலயும் போய்க் குசுகுசுக்கிறவன். உன்னைப் பக்கத்துல சேர்க்கலைன்னா உனக்கு ஏது வேஷம்?"

"மேடையில மூஞ்சியைத் திருப்பினது?"

"மூச்சு விட வேண்டாமா மாராயா?"

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"அந்தக் கொட்டாவியை மட்டும் நீ சொல்லாம இருந்திருக்கலாம். அன்னைக்கு என் மக, மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களோட வந்து உட்கார்ந்திருந்தா."



மார்ச் 18

ஹெக்டேயிடம் போய் உண்மையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "கூட்டாளிக்காக நல்லா நடிக்கிறேய்யா! இதை இன்னைக்கு மேடையில வச்சுக்கோ." இன்னும் இரண்டு தடவை சொன்னேன், சத்தியம் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் அதிகமாகச் சிரித்தார். வாழ்நாளெல்லாம் நான் சொன்ன எதற்கு இந்த மனிதர் சிரிக்காமல் இருந்தார்?

ஜலஜாவுக்குப் போன் போட்டேன். குழியில் எறிந்ததை எடுத்து, பழைய மாதிரியே மூடி கொண்டு வா என்றேன். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு இது ஒண்ணுதான் பாக்கி" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 20

வந்துவிட்டாள். பாக்கு மட்டையில் சுற்றி, கயிற்றால் கட்டி, கையை நீட்டிப் பிடித்தபடியே பஸ்ஸில் வந்திருக்கிறாள். பக்கத்து சீட்டில் கடைசி வரை யாரும் உட்காரவில்லையாம்.

ஹெக்டே நீர் தோசையும் கோழிக் குழம்புமாக உட்கார்ந்திருந்தார். அவர் மூக்குக்கு நேரே கொண்டுபோய், டக்கென்று மூடியைத் திறந்தேன்.

தோசை ஒரு பக்கம், ஹெக்டே ஒரு பக்கம். பத்தடி தள்ளிப் பின்னல் போட்டுக்கொண்டிருந்த சந்தேஷ் துள்ளி எழுந்தான். "இதுதான் ஐயா! இதே நாத்தம்தான்!"

"எடுத்துட்டுப் போய்யா அதை! புதைடா!" என்று ஹெக்டே வேட்டித் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அலறினார். "நம்புறேன்! நம்புறேன்!"

ஐயா சிரிக்காத முதல் நாள்.

மே 25

பத்தநாஜெத் திருநாள். இந்த வருஷ ஆட்டம் முடிந்து சலங்கை அவிழ்த்தோம். அடுத்த வருஷத்துக்கு ஹெக்டே வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார். முதலில் ஐத்தப்பாவுக்கு. எனக்குக் கொடுக்கும்போது, "எங்க, ஊது" என்று குனிந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். எல்லோர் எதிரிலும். ஊதினேன்.

டிசம்பர் 2

புது ஆட்ட வருஷத்தின் முதல் ஆட்டம் நேற்று. ஐத்தப்பாவின் மகள் முன்வரிசையில் இருந்தாள், கூட அவள் மாமியார். ராட்சசன் படையெடுக்கக் கிளம்பினதும், "அரசே, யானை வேண்டாம், என் பழைய பிரஷ் இருக்கு!" என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னேன், கரப்பான் உள்பட. கூட்டம் சிரித்தது பாதி, "உவ்வே" என்றது பாதி. ஐத்தப்பா என் முகத்துக்கு நேரே, மூக்குக்கு மூக்கு நின்று, ஒன்றுக்கு ஒன்பதாகக் கொடுத்தான்.

காலையில் பார்த்தால், வேடம் கட்டுகிற பந்தல் மூங்கிலில் இரண்டு கம்பி வளையம் செய்து மாட்டியிருந்தான். ஒன்றுக்கொன்று படாமல், அந்தப் பக்கம் அவன் பச்சை, இந்தப் பக்கம் என் சிவப்பு. இரண்டும் வெயிலில்.

பல் தேய்க்கப் போனேன். என் சிவப்பின் மேல், சரியாகத் தலையில், காக்கை எச்சம். வெள்ளையும் பச்சையுமாக, இன்னும் சூட்டோடு. சீ!

ஐத்தப்பா பார்த்துவிட்டான். வாயை முழுக்கத் திறந்து ஒரு சிரிப்புச் சிரித்தான். அடுத்த பந்தலில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

கழுவினேன். மறுபடி கழுவினேன். உதறி, வெயிலில் வைத்தேன்.