ரொட்டி மோட்டாரில் போய்வந்த பாட்டு

மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரின் ஹாரன் கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ரொட்டி அல்ல, உன் கைப்பேசிதான். இன்று மாலையும் அவர் வந்தார். தேங்காய் ரொட்டி வாசம் வீட்டுக்குள் நுழைந்த நேரத்தில், மேசைமேல் இருந்த உன் பழைய போன் 'டிங்' என்றது. ராசா டவுனிலிருந்து நம் பாட்டு மாஸ்டர் இந்த வருடக் கிறிஸ்மஸ் பாட்டை இணையத்தில் போட்டிருக்கிறார். நான் எதையும் தொடவில்லை. நாலு கோப்புகளும் தானாக இறங்கி வரிசையாக நின்றன. நீ போன பிறகு வரும் மூன்றாவது கிறிஸ்மஸ் இது. நீ செய்துவைத்த ஏற்பாடு மட்டும் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை.

சுவா ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் நம் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெய் எடுக்கும் செம்பனையின் நாற்றுகளுக்கு மண் பை நிரப்பியவர்கள் நாம். ஞாயிறு வந்தால் சிற்றாலயத்தில் பாடகர் குழு. நான் முன்வரிசை, நமக்கென்ன வெட்கம்? நீ கடைசி வரிசை, அதுவும் தூணை ஒட்டி. பள்ளியில் ஒரு டீச்சர் உன் கனத்த குரலைக் கேட்டுவிட்டு, "நீ வாய மட்டும் அசை, சத்தம் வேணாம்" என்றாராம். அந்த டீச்சர் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால்! கல்யாணமாகி, பிள்ளை பெற்று, தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் நீ வாயை மட்டும்தான் அசைத்துக்கொண்டிருந்தாய்.

"ஒரு தடவயாச்சும் மேடையில சத்தமா பாடிடணும்டி" என்று ஒரு நாள் மண்ணை அள்ளிக்கொண்டே சொன்னாய்.

"எந்த மேடைடி? நம்ம நாற்று மேடையா?" என்றேன். ஈர மண் என் முகத்தில் வந்து விழுந்தது.

அந்த வருடமே மேடை வந்தது. ராசாவில் சிற்றாலயங்களுக்குக் கிறிஸ்மஸ் கீதப் போட்டி. மாதம் ஒரு முறை நமக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வரும் மாஸ்டர், போட்டிக்கென்று தானே புதுப் பாட்டு ஒன்றைக் கட்டினார். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று உச்சத்திலிருந்து அடிவரை நாலு குரல். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்து இணையத்தில் போடுவேன், இறக்கிக் கேட்டுப் பழகுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது நம் தோட்டத்தில் போனுக்கு லைன் ஏது? குன்றின்மேல் ஏறி நின்றால் ஒரு கோடு காட்டும். மேகம் கறுத்தால் அதுவும் போய்விடும்.

தினமும் டவுனிலிருந்து வந்துபோகிற ஆள் ரொட்டிக்கார அங்கிள்தான். இன்று மாலை போனை அவரிடம் கொடுத்தனுப்பி, நாளை மாலை ரொட்டியோடு வாங்கிக்கொள்ளலாம் என்பது உன் திட்டம். அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"ஐயோ ஆலமாக், நான் ஒண்ணையும் அமுக்க மாட்டேன்லா. ஏதாச்சும் கெட்டுப்போனா என் தலையில கட்டுவீங்க."

"நீங்க ஒண்ணும் அமுக்க வேணாம் அங்கிள். ரொட்டியோட ரொட்டியா கெடக்கட்டும். அதுவே எறக்கிக்கும்" என்றாய்.

சொல்லிவிட்டாய், செய்ய வேண்டுமே! ஒரு செயலியைப் போட்டாய். லைன் கிடைத்ததும் மாஸ்டரின் இணையப் பக்கத்தில் புதிதாக எது இருந்தாலும் யாரும் தொடாமல் பதிவிறக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைத்தாய். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று போன் அந்தச் செயலியைத் தூங்க வைத்தது. அந்த அமைப்பையும் தேடிப் பிடித்து அணைத்தாய். போனில் இடம் நிறைந்துவிடக் கூடாதே என்று, ஒரே பெயரில் கோப்பு வந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும்படி மாற்றினாய். இது முக்கியம், பிறகு சொல்கிறேன்.

முதல் தடவை போன் வெறுங்கையோடு திரும்பியது. மழைக்குப் பயந்து பிஸ்கட் டின்னில் போட்டு இறுக்கி மூடி அனுப்பியிருந்தோம். தகரத்துக்குள் லைன் எப்படி நுழையும்? அடுத்த தடவை பிளாஸ்டிக் பையில், ரொட்டிகளுக்கு நடுவே போனது. மறுநாள் திரையில் பாட்டு! ரொட்டி வாங்க நின்றவர்கள் எல்லாரும் கைதட்டினோம். அங்கிள், ஏதோ தானே பாடியதுபோல் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார்.

நாலு கோப்பு வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. "மொதல்ல எல்லாரும் ராகத்தப் பிடிக்கட்டும், அப்புறம் பிரிப்பாரு போல" என்று நீயே விளக்கமும் கொடுத்தாய். நாமும் நம்பினோம். தினமும் வேலை முடிந்ததும் சிற்றாலயத்தில் கூடி அதையே பாடினோம். பாட்டு ஒரே இடத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. "பாலன் பிறந்த பாட்டாடி இது? சாவு வீட்டுப் பாட்டாட்டம் இருக்கு" என்றேன். நாங்கள் பெண்கள் எல்லாரும் எட்டாமல் மேல் சுருதிக்குத் தூக்கிப் பாடினோம். நீ ஒருத்திதான் அது இருந்த ஆழத்திலேயே பாடினாய். தூணுக்குப் பின்னால், மெதுவாக. முதல் தடவையாக உன்னிடமிருந்து சத்தம் வந்தது.

மாஸ்டர் வந்தார். கேட்டார். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எல்லாரும் ஏம்மா பேஸ் பாடுறீங்க?"

நாலு குரலையும் அவர் நாலு ஃபோல்டர்களில் ஒரே பெயரில் போட்டிருக்கிறார். உன் போன் ஒன்றை இறக்கி, அடுத்தது வந்ததும் முந்தியதைத் தூக்கிப் போட்டு, கடைசியில் நாலாவதான பேஸை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஒரு தோட்டமே உட்கார்ந்து பேஸ் படித்திருக்கிறது! மாஸ்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நீ தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டாய்.

"கீழ ஒரு கொரல் கேட்டுச்சே, அது யாரு?" என்றார். உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டேன். அவர் உன்னைப் பாராட்டினார், பாராட்டிவிட்டு ஆல்டோவில் நிறுத்தினார். பேஸ் பாட உன் வீட்டுக்காரரோடு சேர்த்து மூன்று ஆண்கள் இருந்தார்கள். ஆல்டோ உனக்கு எட்டவில்லை. போனின் அமைப்பை அன்றே திருத்தினாய். நாலு கோப்பும் தனித்தனியாக வந்தன. ஆனால் வீடு திரும்பும் வழியில், "மறுபடியும் வாய அசைக்கிறதுதான்டி என் தலையெழுத்து" என்றாய். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போட்டி அன்று பேஸ் ஆண்கள் மூவரும் செம்பனைக் காய் ஏற்றிய லோரியோடு கோலா பிலா பக்கம் போயிருந்தார்கள். மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகப் பேச்சு. ராசா மண்டபத்தில் நமக்கு முந்திய குழு மேடை ஏறும்போது உன் வீட்டுக்காரர் கூப்பிட்டார். லோரி நடுவழியில் படுத்துவிட்டது.

மாஸ்டர் முகம் வெளுத்துப்போனது. "பேஸ் இல்லாம இந்தப் பாட்டு நிக்காதும்மா. பேர எடுத்துடலாம்."

அப்போதுதான் நீ வரிசையை விட்டு முன்னால் வந்தாய். "எடுக்காதீங்க மாஸ்டர். எங்க எல்லாருக்கும் பேஸ் தெரியும். நான் பாடுறேன்."

என்னையும் ஆல்டோ பெண் ஒருத்தியையும் இழுத்துக்கொண்டு பேஸ் ஆண்கள் நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றாய். நான் சோப்ரானோடி என்று சொல்ல வாய் திறந்தேன். நீ பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். பாட்டு தொடங்கியது. நீ வாயைத் திறந்தாய். ஐயோ, அந்தக் குரல்! தரையிலிருந்து கிளம்பி என் கால் வழியாக ஏறியது. மற்ற மூன்று குரலும் அதன்மேல் அச்சமில்லாமல் ஏறி நின்றன. முன்னால் இருந்த நடுவர் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, எந்த ஆம்பளை பாடுகிறான் என்று எட்டிப் பார்த்தார். அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்படியே பாடினேன்.

முதல் பரிசு நமக்குத்தான். எண்ணெய்க் கறையோடு ஓடிவந்த உன் வீட்டுக்காரர், "அப்ப பேஸ் யாரு பாடுனா?" என்று கேட்டார். "உங்க பொண்டாட்டிதான்" என்றேன். மனிதர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நீ கோப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "டீச்சர் வந்திருக்கணும்டி" என்றாய். பஸ்ஸில் வீடு வரும்வரை நீ பாடிக்கொண்டே வந்தாய், டிரைவர் விளக்கைப் போட்டுத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

நோய் உன்னைச் சீக்கிரம் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், அதற்கு அந்த மரியாதை கிடையாது. உன் அடக்கத்தில் அதே பாட்டைப் பாடினோம். பேஸ் இடத்தில் நான் நின்றேன். அன்றிலிருந்து அங்கேதான் நிற்கிறேன். உன் வீட்டுக்காரர் இந்தப் போனை என்னிடம் கொடுத்து, "இது பாட்டுக்குன்னே இருக்கட்டும்" என்றார். இப்போது தோட்டத்துக்குப் போன் கோபுரம் வந்துவிட்டது, லைனும் உண்டு. அங்கிளுக்குத்தான் வருத்தம். "இப்பல்லாம் ஏன் போன் குடுக்க மாட்டேங்கிறீங்க?" என்று இன்றும் கேட்டார்.

போன ஞாயிறு, தோட்டத்துக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண் ஒருத்தி குழுவில் சேர வந்தாள். "எனக்குக் கொரல் கட்டையா இருக்கும்கா. நான் பின்னால நின்னு வாய மட்டும் அசைக்கிறேன்" என்றாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "அந்தக் கதையே இங்க வேணாம்" என்று அவளைத் தூணிலிருந்து இழுத்து என் பக்கத்தில் நிறுத்தினேன்.

இப்போதுதான் நாலாவது கோப்பை, உன் பேஸை, அவளுக்கு அனுப்பினேன். பக்கத்து வீடுதான். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பாடிப் பார்ப்பது கேட்கிறது. சத்தமாகத்தான் பாடுகிறாள்.